தொழுநோயும் மக்கள் மனத்தில் பதிந்த படமும்

ஒரு சமுதாயம் தன் உறுப்பினர்களைப் பற்றிக் கொண்டிருக்கும் கருத்துகளில் மிகச் சிலவே நேரடி அனுபவத்தால் விளைந்தவை. எஞ்சியவை நாடக மேடை, திரைப்படம், செய்தித்தாள், சுவரொட்டி, வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் வாயிலாக மனத்தில் பதிந்தவை. ஒரே வகைப் படம் மீண்டும் மீண்டும் காட்டப்படும்போது, அது ஒருவரைப் பற்றிய படம் என்ற நிலையிலிருந்து ஓர் இனத்தாரையே குறிக்கும் அடையாளமாக மாறிவிடுகிறது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, அதனால் நாட்டின் வளர்ச்சிப் பணிகளுக்கு என்ன இழப்பு ஏற்படுகிறது என்பதை அறிய, தொழுநோயைப் போல் தெளிவான எடுத்துக்காட்டு வேறொன்று கிடைப்பது அரிது. இந்நோயைப் பொறுத்தவரை மருத்துவம் தன் பணியில் பெரும்பகுதியை முடித்துவிட்டது. மக்கள் மனத்தில் பதிந்த படம் மட்டும் இன்னும் மாறவில்லை.

தொழுநோயாளர் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஒரே தோற்றம்தான்: மழுங்கிய விரல்கள், துணி சுற்றிய கால்கள், கோயில் வாயிலிலோ இரயில் நிலையத்திலோ நீட்டப்பட்ட தகரக் குவளை. அத்தகைய தோற்றமுடையோர் இருந்தனர், இன்றும் உள்ளனர் என்பது உண்மையே. ஆனால் நோயுற்றோர் அனைவரும் அவ்வாறுதான் இருப்பர் என்பது உண்மையன்று. பகுதி உண்மையொன்று முழு உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான் இங்குள்ள சிக்கல்.

நோயின் உண்மை நிலை

தொழுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரை நார்வே நாட்டு மருத்துவரான ஆர்மார் ஹான்சென் 1873இல் கண்டறிந்தார். இந்நோய் பரம்பரையாக வருவதன்று, பாவத்தின் விளைவுமன்று. மருந்து உட்கொள்ளாத நோயாளியுடன் நீண்ட காலம் நெருங்கிப் பழகுவோருக்கு, மூக்கு, வாய் ஆகியவற்றிலிருந்து வெளிப்படும் நுண்துளிகள் மூலம் அது பரவுகிறது. கைகுலுக்குவதாலோ, உடன் அமர்ந்து உண்பதாலோ, ஒரே பேருந்தில் பயணம் செய்வதாலோ பரவுவதில்லை. மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே அமைந்துள்ளது. நோய்க்கிருமி உடலில் புகுந்து அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சிலருக்கு இருபது ஆண்டுகள் வரையும் ஆகலாம்.

முதல் அறிகுறி பெரும்பாலும் தோலில் தோன்றும் வெளிறிய அல்லது சற்றே சிவந்த, உணர்ச்சியற்ற ஒரு தேமல் மட்டுமே. அதில் வலி இல்லை, அரிப்பு இல்லை. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகிய மருந்துகளைக் கொண்ட கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. நோயின் தன்மைக்கேற்ப ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் இச்சிகிச்சை முடிந்துவிடுகிறது. அரசு மருத்துவ நிலையங்களில் மருந்துகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளியிடமிருந்து நோய் பிறருக்குப் பரவும் வாய்ப்பு நீங்கிவிடுகிறது.

விரல்கள் 'அழுகி உதிர்கின்றன' என்ற நம்பிக்கையும் தவறானதே. கிருமி நரம்புகளைத் தாக்குவதால் கைகால்களில் உணர்ச்சி குன்றுகிறது. அடுப்பிலிருந்து இறக்கும் சூடான பாத்திரத்தையோ, காலில் தைத்த முள்ளையோ உணர முடியாமல் போகிறது. உணரப்படாத காயங்கள் புண்ணாகி, கவனிப்பாரின்றி நாட்பட்டு, எலும்பையும் தேயச் செய்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டு, 1940களின் இறுதியிலிருந்து மேற்கொண்ட ஆய்வுகளால் இதனை நிலைநாட்டினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்ய முடியும் என்பதையும் அவர் செய்து காட்டினார். ஆகவே உறுப்புக் குறைபாடு நோயின் தவிர்க்க இயலாத முடிவன்று. காலந்தாழ்ந்த சிகிச்சையின் விளைவே அது.

அச்சம் அச்சேறிய வரலாறு

தொழுநோய் பற்றிய அச்சம் மிகத் தொன்மையானது. ஆயினும் அதை நாடுகள் கடந்த பெரும் பீதியாக மாற்றியதில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களுக்குப் பங்கு உண்டு. ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த மொலொகாய் தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த நோயாளிகளுக்கு, பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் டேமியன் 1873 முதல் தொண்டாற்றி வந்தார். அந்நோய்க்குத் தாமும் ஆளாகி 1889இல் அவர் உயிர்நீத்தார். இச்செய்தி உலகெங்கும் பரவியது. அவருடைய தியாகத்தைப் போற்றிய அதே எழுத்துகள், நோய் எவரையும் பற்றக்கூடியது என்ற திகிலையும் வளர்த்தன. ஆயிரக்கணக்கான நோயாளிகளிடையே வாழ்ந்து நோய்க்கு ஆளாகாத பணியாளர்கள் பலர் இருந்தது செய்தியாகவில்லை.

அப்பரபரப்பினிடையே இலண்டனில் தேசியத் தொழுநோய் நிதி தோற்றுவிக்கப்பட்டு, அதன் சார்பில் ஓர் ஆய்வுக் குழு 1890-91இல் இந்தியாவுக்கு வந்தது. நோய் தொற்றும் அபாயம் மிகக் குறைவு என்றும், நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க வேண்டியதில்லை என்றும் அக்குழு முடிவு கூறியது. ஆயினும் 1898இல் இயற்றப்பட்ட தொழுநோயாளர் சட்டம், வறுமையுற்ற நோயாளிகளைக் கைது செய்து காப்பகங்களில் அடைத்து வைக்க வழி செய்தது. ஆய்வறிக்கை ஒரு திசையைக் காட்ட, அச்சம் வேறு திசையைக் காட்டியது. ஆட்சி அச்சத்தைப் பின்பற்றியது. அச்சட்டம் வசதி படைத்த நோயாளிகளைப் பற்றியதன்று, தெருவில் கண்ணில் படும் ஏழை நோயாளிகளையே அது நாடியது என்பதும் கருதத்தக்கது.

மேடையிலும் திரையிலும்

இருபதாம் நூற்றாண்டில் இப்படத்தைப் பரப்பும் பணியைத் திரைப்படம் ஏற்றுக்கொண்டது. 1959இல் வெளிவந்த 'பென்-ஹர்' என்ற ஹாலிவுட் படத்தில் கதாநாயகனின் தாயும் தங்கையும் இந்நோய்க்கு ஆளாகி ஊருக்குப் புறத்தே ஒதுங்கி வாழ்கின்றனர். இறுதியில் தெய்வ அருளால் குணமடைகின்றனர். மருந்து கண்டறியப்படாத பழங்காலத்துக் கதை அது என்பது உண்மையே. ஆனால் காண்போர் மனத்தில் தங்குவது காலக் குறிப்பன்று, ஒதுக்கிடமும் அற்புதமுமே.

தமிழில் 1954இல் வெளிவந்த 'இரத்தக் கண்ணீர்' இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய நாடகத்தை அடியொற்றியது அப்படம். எம். ஆர். ராதா நாடகத்தில் பன்முறை நடித்து, படத்திலும் அதே பாத்திரத்தை ஏற்றார். வெளிநாடு சென்று திரும்பிய செல்வந்தன் ஒருவன் மனைவியைப் புறக்கணித்து, ஒழுக்கம் தவறி, இறுதியில் தொழுநோயால் உருக்குலைந்து தெருவில் அலைகிறான். தன் மனைவியைத் தன் நண்பனுக்கு மணமுடித்து வைக்க அவனே முன்வருகிறான். பெண்ணின் மறுவாழ்வை ஆதரிக்கும் சீர்திருத்த நோக்கம் அதில் வெளிப்படை. மூட நம்பிக்கைகளைச் சாடிய கலைஞர்களின் படைப்பு அது. ஆயினும், தீயொழுக்கத்திற்குத் தண்டனையாக வருவதே தொழுநோய் என்ற பழைய நம்பிக்கையை அது கதையின் அச்சாணியாகக் கொண்டது. தெலுங்கில் நடிகர் நாகபூஷணம் இந்நாடகத்தைப் பல்லாண்டுகள் ஊர் ஊராக நடத்திப் புகழ்பெற்றார்.

இங்குக் குறை கூற வேண்டியது கலைஞர்களின் நோக்கத்தையன்று. ஒரு தீமையை எதிர்க்க எழுந்த படைப்பே, தான் கவனிக்காத இன்னொரு தீர்ப்பைச் சுமந்து செல்லக்கூடும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். காண்பவர்களும் அதைத் தீர்ப்பு என்று உணர்வதில்லை. கதையின் நியாயம் என்றே ஏற்றுக்கொள்கின்றனர். அவ்வாறு ஏற்றுக்கொண்டவர் தம் அண்டை வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டதும், 'என்ன பாவம் செய்தாரோ' என்று கேட்பது இயல்பாகிவிடுகிறது.

கண்ணில் படுபவர் யார்?

புள்ளியியலில் ஓர் அடிப்படை விதி உண்டு. ஒரு தொகுதியை அறிய அதிலிருந்து எடுக்கப்படும் மாதிரி, அத்தொகுதியின் எல்லாப் பிரிவினரையும் உரிய அளவில் கொண்டிருக்க வேண்டும். ஒரே பிரிவினரைக் கொண்ட மாதிரி எவ்வளவு பெரிதாயினும் தவறான முடிவையே தரும். தொழுநோயைப் பற்றிய மக்கள் கருத்து இத்தகைய பழுதுபட்ட மாதிரியின் மீதே எழுந்துள்ளது.

தொடக்க நிலையில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தவரிடம் நோயின் சுவடு ஏதும் இருப்பதில்லை. அவர் வயலில் உழைக்கிறார்; அலுவலகத்தில் பணியாற்றுகிறார்; பள்ளியில் பாடம் நடத்துகிறார். தமக்கு நோய் இருந்ததை அவர் வெளியே சொல்வதும் இல்லை. எனவே அவர் எவருடைய கணக்கிலும் சேர்வதில்லை. காலந்தாழ்ந்து வந்தவரோ, சிகிச்சையால் கிருமி முற்றிலும் நீங்கிய பின்னும், கைகால்களில் தங்கிவிட்ட குறைபாட்டோடு வாழ்கிறார். மருத்துவ நோக்கில் அவர் நோயாளி அல்லர். பிறருக்கு அவரால் எவ்விதத் தீங்கும் இல்லை. ஆனால் தெருவின் கண்ணுக்கு அவரே தொழுநோயின் உருவம். குணமடைந்தவர் மறைந்துபோக, குறைபாடுற்றவர் மட்டும் கண்ணில் படுவதால், 'இந்நோய் குணமாகாது' என்ற முடிவு மக்களுக்குக் கண்கூடான உண்மைபோல் தோன்றுகிறது.

இப்பழுதை நற்பணி நிறுவனங்களும் அறியாமலேயே பெருக்கியதுண்டு. நன்கொடை திரட்டும் வேண்டுகோள்களில் மிகக் கொடிய குறைபாடு உடையவரின் புகைப்படமே இடம்பெறுவது நெடுங்கால வழக்கம். இரக்கம் பிறக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இரக்கத்துடன் அருவருப்பும் பிறந்தது. அரசின் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளும் இக்குறைக்கு விலக்கல்ல. 'அஞ்சாதீர்' என்று எழுதி, அதன் மேலேயே அச்சமூட்டும் படத்தை அச்சிட்டால், எழுத்தறியாதவர் படிப்பது படத்தை மட்டுமே.

அச்சத்தின் விலை

தவறான கருத்து மனத்தளவில் நிற்குமாயின் அதைப் பண்பாட்டுக் குறையென்று விட்டுவிடலாம். ஆனால் அது நோய்த் தடுப்புத் திட்டத்தின் அடிப்படையையே தாக்குகிறது. தன் தோளில் உள்ள சிறு தேமலுக்கும் திரையில் கண்ட உருக்குலைந்த மனிதனுக்கும் தொடர்பு இருப்பதாக ஒருவர் எண்ணுவதில்லை. ஆகவே மருத்துவரிடம் செல்வதில்லை. ஐயம் எழுந்தாலோ, ஊரார் அறிந்தால் வேலை போகும், மகளின் திருமணம் தடைப்படும், வீட்டில் தனிப் பாத்திரம் வைப்பார்கள் என்று அஞ்சி மறைக்கிறார். மணமான பெண்களின் நிலை இன்னும் கடினமானது. நோய் வெளிப்பட்டால் கணவன் வீட்டிலிருந்து அனுப்பப்படலாம் என்ற அச்சத்தில், சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்தாலும் தேமலைக் காட்டத் தயங்குகின்றனர்.

மறைத்த ஒவ்வொரு மாதமும் நரம்புகள் சேதமுறுகின்றன. இறுதியில் குறைபாடு தோன்றுகிறது. அதனைக் காணும் ஊரார் தாங்கள் முன்னரே கொண்டிருந்த கருத்து மெய்யாயிற்று என்கின்றனர். இவ்வாறு அப்படம் தனக்கு வேண்டிய சான்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வறுமையின் நச்சுச் சுழலைப் பற்றிப் பொருளியலார் கூறுவதுண்டு. இதுவும் அத்தகைய சுழலே: அச்சம் மறைப்பையும், மறைப்பு குறைபாட்டையும், குறைபாடு அச்சத்தையும் வளர்க்கின்றன.

மறைந்திருக்கும் நோயாளிகள் எத்துணைப் பேர் என்பதை வீடுதோறும் நடத்தப்பட்ட தேடுதல்கள் காட்டியுள்ளன. 1998இல் நாடு முழுவதும் நடைபெற்ற இயக்கத்தில் சில நாட்களிலேயே நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர். தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் 1983இல் உருவானபோது பத்தாயிரம் மக்களுக்கு 57.8 ஆக இருந்த நோய்ப் பரவல், 2005 டிசம்பரில் ஒன்றுக்கும் கீழாகக் குறைந்தது. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நோய் நீங்கிவிட்டதாக அப்போது அறிவிக்கப்பட்டது. இது பெரும் சாதனையே. ஆனால் 'ஒழிந்தது' என்ற சொல்லைச் செய்தித்தாள்களும் மக்களும் 'இல்லவே இல்லை' என்று பொருள்கொண்டனர். 2023இல் உலகில் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 1 இலட்சத்து 82 ஆயிரம் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர், அஃதாவது ஓர் இலட்சத்திற்கும் அதிகமானோர், இந்தியாவைச் சேர்ந்தவர்கள். நோய் பரவுவதை 2027க்குள் முற்றிலும் நிறுத்துவது நாட்டின் இலக்கு. அவ்விலக்கை எட்டப் போதிய மருந்து உள்ளது. தேமல் கண்டவர் தாமாக முன்வருவாரா என்பதே கேள்வி.

சட்டத்தில் நிலைத்த படம்

மக்கள் மனத்திலுள்ள படம் சட்டப் புத்தகத்திலும் இடம்பெறும்போது அதற்கு அரசின் முத்திரை கிடைத்துவிடுகிறது. கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து பல்லாண்டுகள் கடந்த பின்னும், திருமணச் சட்டங்கள் தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணமாகவே கொண்டிருந்தன. உள்ளாட்சி சட்டங்கள் சில, இந்நோயுற்றோர் தேர்தலில் நிற்பதைத் தடுத்தன. ஒரிசா நகராட்சிச் சட்டத்தில் இருந்த அத்தகைய தடையை 2008இல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றே கூறியது.

மாற்றம் மெல்லவே வந்தது. தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் எதிரான பாகுபாட்டை நீக்குவதற்கான நெறிமுறைகளை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2010இல் ஏற்றது. இந்தியச் சட்ட ஆணையம் 2015இல் தன் 256ஆம் அறிக்கையில் பாகுபாடு காட்டும் சட்டங்களை நீக்குமாறு பரிந்துரைத்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. 2019இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், ஐந்து தனிச் சட்டங்களில் தொழுநோயைக் காரணம் காட்டிய பிரிவுகளை அகற்றியது.

இவற்றிடையே, சாதனங்களைப் பொறுத்தவரை மிக முக்கியமானது உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் பிறப்பித்த ஆணைகள். விழிப்புணர்வுப் பணிகளில் நோயாளிகளின் அச்சமூட்டும் படங்களைப் பயன்படுத்துவதைக் கைவிட வேண்டும் என்றும், அதற்கு மாறாகக் குணமடைந்தவர்கள் தம் அனுபவத்தைக் கூறும் நம்பிக்கையூட்டும் படங்களைப் பயன்படுத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் பணித்தது. ஒரு படத்தின் தன்மையே உரிமைப் பிரச்சினையாகும் என்பதை இந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாக இதனைக் கருதலாம்.

மாற்றுப் படங்கள்

பதிந்த படத்தை வாதத்தால் மட்டும் அழிக்க இயலாது. அதன் இடத்தில் வேறொரு படம் வைக்கப்பட வேண்டும். இதனை நன்குணர்ந்தவர் காந்தியடிகள். சேவாகிராம ஆசிரமத்தை நாடி வந்த வடமொழி அறிஞர் பர்ச்சுரே சாஸ்திரியின் புண்களுக்கு அவர் தம் கையாலேயே மருந்திட்டார். அக்காட்சியின் புகைப்படம் நாடெங்கும் பரவியது. தொட்டால் பற்றும் என்று அஞ்சிய மக்களுக்கு, தொட்டுப் பணி செய்யும் ஒருவரின் படம் பல சொற்பொழிவுகளை விடத் தெளிவான விடையாயிற்று. காந்தியடிகள் மறைந்த ஜனவரி 30ஆம் நாள் நம் நாட்டில் தொழுநோய் எதிர்ப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுவது இதனால் பொருத்தமாகிறது.

மகாராஷ்டிரத்தில் வரோரா அருகே பாபா ஆம்தே நிறுவிய ஆனந்தவனம் இன்னொரு படத்தை அளித்தது. கற்கள் நிறைந்த தரிசு நிலத்தில் கிணறு வெட்டி, பயிரிட்டு, கைத்தொழில்கள் நடத்தித் தம் உழைப்பால் வாழும் மனிதர்களாக நோயுற்றோர் அங்குக் காணப்பட்டனர். இரந்து நிற்கும் உருவத்திற்குப் பதிலாக விளைவிக்கும் உருவம் அங்கு எழுந்தது.

மக்கள் தொடர்புச் சாதனங்கள் நோய்க்கு எதிராகவும் பணிபுரிய முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 1999 முதல் சில ஆண்டுகள், பி.பி.சி. உலக சேவை அறக்கட்டளை தூர்தர்ஷனோடும் அகில இந்திய வானொலியோடும் இணைந்து தொழுநோய் பற்றிய நிகழ்ச்சிகளை நடத்தியது. நோய் குணமாகும், மருந்து இலவசம், தொடுவதால் பரவாது என்ற எளிய செய்திகளே கதைகளாகவும் குறும்படங்களாகவும் வடிவெடுத்தன. வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் இங்குக் குறிப்பிடலாம். 2012இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆர்ட்மன் நிறுவனம், தன் நகைச்சுவைக் கேலிச்சித்திரப் படமொன்றில் தொழுநோயாளியின் கை கழன்று விழுவதாகக் காட்டவிருந்தது. இந்நோய்க்கு எதிராகப் பணிபுரிவோர் எதிர்ப்புத் தெரிவித்ததும், வெளியீட்டுக்கு முன்பே அக்காட்சியை மாற்ற ஒப்புக்கொண்டது. கலைச் சுதந்திரம் இதனால் குன்றிவிடவில்லை. ஒரு பொய் மட்டுமே குறைந்தது.

சாதனங்களின் கடமை

இவற்றிலிருந்து சில நடைமுறை நெறிகள் புலப்படுகின்றன. முதலாவது, சொல். 'குஷ்டரோகி' என்பது போன்ற சொற்கள் நோயையே மனிதனின் பெயராக்கிவிடுகின்றன. 'தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்', 'குணமடைந்தவர்' என்னும் சொற்கள் மனிதனை நோயிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. அரசியல் மேடைகளில் ஊழலையும் தீமையையும் தொழுநோய்க்கு ஒப்பிட்டுப் பேசும் வழக்கமும் கைவிடத்தக்கது. உவமை கூறுபவர் மறந்துவிடுகிறார். கேட்கும் நோயாளி மறப்பதில்லை.

இரண்டாவது, படம். நோயைக் காட்ட வேண்டுமெனில் அதன் தொடக்கத்தைக் காட்ட வேண்டும். சுவரொட்டியில் காணப்பட வேண்டியது மழுங்கிய கையன்று, உணர்ச்சியற்ற தேமல். தன்னிடம் உள்ளதை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள உதவும் படமே பயனுள்ள படம்.

மூன்றாவது, கதை. மருத்துவம் மாறிய பின்னும் பழைய கதையையே எழுதிக்கொண்டிருத்தல் எழுத்தாளருக்கு அழகன்று. நோய் வந்தது, மருந்து உண்டார், குணமடைந்தார், வேலைக்குத் திரும்பினார் என்பது நாடகத்திற்கு ஏற்ற பரபரப்பில்லாத கதையாக இருக்கலாம். ஆயினும் இந்நாட்டில் இலட்சக்கணக்கானோர் வாழ்வில் நடந்த கதை அதுவே.

நான்காவது, குரல். இதுகாறும் நோயுற்றோரைப் பற்றிப் பிறர் பேசினர், பிறர் படமெடுத்தனர். குணமடைந்தவர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கிராம சபைக் கூட்டங்களிலும் தாமே பேசும் வாய்ப்பைப் பெற வேண்டும். அவர்கள் பேசத் துணிவதற்கு, பேசியபின் அவர்தம் வேலைக்கும் குடும்பத்திற்கும் இடையூறு நேராது என்ற உறுதி வேண்டும். அவ்வுறுதியைச் சட்டமும் அண்டை அயலாரும் சேர்ந்தே அளிக்க முடியும்.

மருந்துப் பொதியின் விலையைக் கணக்கிட்டு வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்துவிடலாம். ஒரு தவறான படத்தால் மருத்துவ நிலையத்திற்கு வராமல் நின்றுவிட்டவரின் இழந்த விரல்களுக்கும் உழைப்பு நாட்களுக்கும் எந்தத் தலைப்பிலும் கணக்கு எழுதப்படுவதில்லை. அந்தச் செலவைக் குறைக்கும் ஆற்றல் சுகாதாரத் துறையைக் காட்டிலும் செய்தி ஆசிரியர், திரைப்பட இயக்குநர், சுவரொட்டி வரைபவர் ஆகியோரிடமே மிகுதியாக உள்ளது.